கணித மேதை இராமானுஜன்: நோயோடு நடந்த ஒரு வாழ்க்கை



நம் பக்கத்தில் தெரிந்தவர் ஒருவர் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறார் என்றால் என்ன செய்வோம்? ஒரு டஜன் சாத்துக்குடியோ ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலோ வாங்கிக்கொண்டு போவோம். கட்டிலோரம் பத்து நிமிஷம் நிற்போம். மனசைத் தைரியமா வச்சுக்கோங்க, எல்லாம் சரியாயிடும் என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவோம். சொன்னதில் நமக்கு ஒரு திருப்தி. அந்தத் தைரியத்தை அவர் எங்கிருந்து எடுத்து வைத்துக்கொள்வார் என்று நாம் யோசிப்பதே இல்லை.

இந்த மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று நண்பர்கள் கேட்டபோது இந்தக் கேள்விதான் மனதில் இருந்தது. கூடவே ஒரு பெயரும் வந்தது. சீனிவாச இராமானுஜன். திருவிடைமருதூரில் ரயில் ஏறி, திருநாகேஸ்வரம் தாண்டி, கும்பகோணத்தில் இறங்கிக் காவிரிக்கரையில் இருக்கும் அரசுக் கல்லூரிக்குப் போய்ப் படித்தவர்கள் நாம். அதே கல்லூரியில் நமக்கெல்லாம் முன்னால் படித்தவர் அவர். அவருடைய கணிதத்தைப் பற்றி எழுத எனக்குத் தகுதி கிடையாது. நான் எழுதப்போவது நோயாளி இராமானுஜனைப் பற்றி.

முதல் கண்டம்

1887 டிசம்பர் 22-ஆம் தேதி ஈரோட்டில், தாய்வழிப் பாட்டனார் வீட்டில் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணம் சாரங்கபாணி சன்னதித் தெருவில். தகப்பனார் சீனிவாசய்யங்கார் ஜவுளிக்கடைக் குமாஸ்தா. தாயார் கோமளத்தம்மாள் கோயிலில் பஜனை பாடுவார். சம்பாத்தியம் கைக்கும் வாய்க்குமாகத்தான் இருந்தது.

இரண்டு வயதுகூட நிறையாத குழந்தைக்கு 1889 டிசம்பரில் பெரியம்மை கண்டது. தஞ்சை ஜில்லாவில் ஆயிரக்கணக்கானோரை அம்மை கொண்டுபோன காலம் அது. குழந்தை பிழைத்துக்கொண்டது. முகத்தில் தழும்பு மட்டும் கடைசிவரை இருந்தது. அவருக்குப் பின் பிறந்த மூன்று குழந்தைகள் ஒரு வயதுகூட நிறையாமல் போய்விட்டன. தங்கிய பிள்ளையை ஒரு தாய் எப்படிப் பொத்திப் பொத்தி வளர்த்திருப்பாள் என்று சொல்ல வேண்டியதில்லை. பிற்பாடு அந்த வீட்டில் மாமியாருக்கும் மருமகளுக்கும் ஏற்பட்ட மனக்கசப்புக்கு வேர் அங்கேதான் இருந்ததோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

டவுன் ஹைஸ்கூலில் பரிசுகளாக வாங்கிக் குவித்த பையன் 1904-இல் உதவித்தொகையோடு நம் கல்லூரிக்கு வந்தார். கணக்கைத் தவிர வேறு எதையும் தொடமாட்டேன் என்று இருந்ததால் இங்கிலீஷில் தவறி, உதவித்தொகை போயிற்று. 1905-இல் வீட்டில் சொல்லாமல் கொள்ளாமல் விசாகப்பட்டினம் வரை போய்விட்டார். 1906-இல் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே வயிற்றுநோய் கண்டு ஊருக்குத் திரும்பினார். எஃப்.ஏ. பரீட்சை கடைசிவரை தேறவில்லை.

1909 ஜூலையில் இராஜேந்திரம் கிராமத்து ஜானகியோடு கல்யாணம். பெண்ணுக்கு வயது பத்து. கொஞ்ச நாளிலேயே அவருக்கு விரைவீக்கம் கண்டு ஆபரேஷன் செய்தாக வேண்டும் என்றார்கள். வீட்டில் பணம் இல்லை. 1910 ஜனவரியில் ஒரு டாக்டர் காசு வாங்காமல் செய்து கொடுத்தார். அதற்குப் பின்னும் உடம்பு தேறாமல் சென்னையில் ஒரு நண்பரின் அறையில் வந்து விழுந்தார். நண்பர் அவரை டாக்டரிடம் காட்டி, ஊருக்கு ரயிலேற்றினார். அப்போது இராமானுஜன் தன் இரண்டு நோட்டுப்புத்தகங்களை அவர் கையில் கொடுத்தார். தான் பிழைக்காவிட்டால் இவற்றைப் பச்சையப்பன் கல்லூரி சிங்காரவேலு முதலியாரிடமோ, கிறிஸ்தவக் கல்லூரிப் பேராசிரியர் ராஸிடமோ சேர்த்துவிடும்படி கேட்டுக்கொண்டார்.

அப்போது அவருக்கு வயது 22 அல்லது 23. உத்தியோகம் இல்லை, பட்டம் இல்லை, உடம்பும் இல்லை. உயிரைவிட அந்த நோட்டைக் காப்பாற்றத்தான் ஏற்பாடு செய்தார். நோயாளிக்குத் தன் உடம்புக்கு வெளியே அக்கறைப்பட ஒரு காரியம் இருந்தால் அது அவரைப் பிடித்து நிறுத்தும். இராமானுஜனை நிறுத்தியது அந்த நோட்டுதான்.

சீமையில்

1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகத்தில் மாதம் முப்பது ரூபாய் குமாஸ்தா வேலை. 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்குக் கடிதம். 1914 மார்ச் 17-இல் நெவாசா என்ற கப்பலில் பயணம். இதெல்லாம் பாடப்புத்தகத்திலேயே உண்டு. ஏப்ரலில் போய் இறங்கினார். ஆகஸ்டில் முதல் உலக யுத்தம் வந்துவிட்டது.

யுத்த காலத்தில் நல்ல காய்கறி கிடைப்பது கஷ்டம். இவரோ சுத்த சைவம். கல்லூரிச் சாப்பாட்டறைப் பக்கம் போகாமல் அறையிலேயே தனக்குத்தானே சமைத்துக்கொண்டார். வேலை மும்முரத்தில் வேளைக்குச் சாப்பிடுவதும் தூங்குவதும் கிடையாது. குளிர் வேறு. வீட்டிலிருந்து கடிதங்கள் குறைந்துகொண்டே வந்தன. ஜானகி எழுதிய கடிதங்கள் அவர் கைக்குப் போய்ச் சேரவில்லை, அவர் எழுதியவையும் ஜானகிக்குக் கிடைக்கவில்லை என்று பின்னாளில் தெரிந்தது. காரணத்தை மேலே குறிப்பாகச் சொல்லிவிட்டேன். அம்மாவைக் குற்றம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஆறாயிரம் மைலுக்கு அப்பால் படுத்திருப்பவருக்கு ஒரு தபால்கார்டு எப்பேர்ப்பட்ட மருந்து என்பது மட்டும் அந்த வீட்டில் யாருக்கும் தெரியவில்லை.

1917 வசந்தத்தில் படுத்தார். கேம்பிரிட்ஜில் ஒரு நர்ஸிங் ஹோம். பிறகு மெண்டிப் மலையில் ஒரு சானடோரியம். அதை நடத்தியவர் சௌரி முத்து என்ற நம் நாட்டு டாக்டர். 1914-இல் கப்பலிலேயே இராமானுஜனுக்கு அறிமுகமானவர். இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி வருவார். அங்கே சில வாரங்கள்தான் இருந்தார். பிறகு மேட்லாக் என்ற ஊரில் இன்னொரு சானடோரியத்தில் பல மாதங்கள்.

க்ஷயத்துக்கு அன்று மருந்து கிடையாது. நல்ல காற்று, ஓய்வு, சாப்பாடு, இவ்வளவுதான் சிகிச்சை. குளிர்காலத்திலும் ஜன்னல்களைத் திறந்தே வைப்பார்கள். கும்பகோணத்து வெயிலில் வளர்ந்த உடம்பு என்ன ஆகும்? சாதம், ரசம் வாய்க்கு ஏற்றபடி கிடைக்காது. பேச்சுத்துணைக்கு ஆள் இல்லை. அங்கே குளியலறை ஒன்றுதான் கதகதப்பாக இருந்ததாம். தினமும் பேப்பரும் பேனாவுமாக அங்கே போய் ஒரு மணி நேரம் கணக்குப் போடப் போவதாக ஹார்டிக்கு எழுதினார். படிக்கும்போது சிரிப்பு வரும், அடுத்த நிமிஷம் தொண்டை அடைக்கும்.

டாக்டர்கள் சொன்னதும் ஒன்றாக இல்லை. ஒருவர் வயிற்றுப்புண் என்றார். ஒருவர் காசநோய் என்றார். இன்னொருவர் ஈரலில் புற்றுநோய் என்று சந்தேகப்பட்டார். நோய் இன்னதென்று தெரிந்தால் மனிதன் அதோடு சண்டை போடவாவது செய்வான். பெயரே தெரியாத நோயோடு எப்படிப் போராடுவது? அவர் சிடுசிடுப்பான, டாக்டர் சொல் கேட்காத நோயாளியாக ஆனார். ஒத்துழைக்காத நோயாளி என்று கேஸ் ஷீட்டில் எழுதிவிடுவது சுலபம். அவருக்கு எதனால் ஒத்துழைக்க முடியவில்லை என்று உட்கார்ந்து கேட்க நேரம் ஒதுக்குவதுதான் கஷ்டம்.

1918-இன் தொடக்கத்தில் லண்டனில் ஒரு நாள் அவர் உயிரை விட்டுவிடத் துணிந்துவிட்டார். ரயில்வே ஊழியர் ஒருவர் பார்த்து ரயிலை நிறுத்தியதால் பிழைத்தார். போலீஸ் வரை போன விஷயத்தை ஹார்டி தலையிட்டுத் தீர்த்துவைத்தார். இதை எழுதுவதா வேண்டாமா என்று யோசித்தேன். மறைப்பதால் நன்மை இல்லை என்று பட்டது. உலகமே மெச்சும் அறிவு இருந்தவருக்கும் அந்த நாள் வந்தது. அது கோழைத்தனமும் அல்ல, பாவமும் அல்ல. தனிமையும் வலியும் அளவு மீறியதன் விளைவு. யார் பெயரும் தெரியாத ஒரு ஊழியர் கண்ணைத் திறந்து வைத்திருந்ததால், அதற்குப் பிறகான இரண்டு வருஷக் கணிதம் உலகத்துக்குக் கிடைத்தது. அப்படி ஒரு நாள் நமக்கோ நம்மைச் சேர்ந்தவருக்கோ வந்தால், மனசுக்குள் வைத்துக்கொள்ளாமல் உடனே யாரிடமாவது வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

எழுந்து உட்கார்ந்தது எப்படி?

அதே 1918-இல் இரண்டு நல்ல செய்திகள் வந்தன. மே மாதம் லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. இந்தியர்களில் இரண்டாமவர். அக்டோபரில் டிரினிடி கல்லூரி ஃபெலோஷிப் கொடுத்தது. அந்தக் கௌரவம் பெற்ற முதல் இந்தியர் அவரே. இவற்றுக்காகப் பாடுபட்டவர் ஹார்டி. நோயாளிக்கு என்ன மருந்து தேவை என்பதை ஹார்டி தன் வழியில் புரிந்துகொண்டார். நீ இன்னும் வேண்டியவன், உன் வேலை முடியவில்லை என்று உலகத்தைக்கொண்டு சொல்ல வைத்தார். பலன் கண்கூடு. இராமானுஜன் மறுபடி வேலையில் இறங்கினார்.

லண்டனில் பட்னி என்ற இடத்து நர்ஸிங் ஹோமில் இருந்தபோது நடந்த டாக்ஸிக் கதை எல்லோருக்கும் தெரியும். பார்க்க வந்த ஹார்டிக்கு நலம் விசாரிக்கத் தெரியாது. வந்த டாக்ஸியின் நம்பர் 1729, ஒன்றும் விசேஷமில்லாத எண் என்று சொல்லிவைத்தார். படுத்திருந்தவர் உடனே மறுத்தார். இரண்டு கன எண்களின் கூட்டலாக இரண்டு விதமாக எழுதக்கூடிய எண்களில் மிகச் சிறியது அதுதான் என்றார். பன்னிரண்டின் கனமும் ஒன்றின் கனமும் சேர்ந்தாலும் 1729, பத்தின் கனமும் ஒன்பதின் கனமும் சேர்ந்தாலும் 1729. இதை மேதாவிலாசத்துக்கு உதாரணமாகச் சொல்வார்கள். எனக்கு அது நோயாளியைப் பார்க்கப் போவது எப்படி என்பதற்குப் பாடமாகத் தோன்றுகிறது. ஹார்டி சாத்துக்குடி கொண்டுபோகவில்லை. நோயாளியின் பாஷையில் பேசினார். அந்த நிமிஷம் கட்டிலில் இருந்தவர் நோயாளியாக இல்லை, இராமானுஜனாக இருந்தார்.

1919 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகம் வருஷத்துக்கு 250 பவுன் அறிவித்தபோது, தனக்கு அவ்வளவு வேண்டாம், பெற்றோருக்கும் தன் அவசியச் செலவுக்கும் போக மிச்சத்தை ஏழைப் பிள்ளைகள், அநாதைப் பிள்ளைகள் படிப்புக்குக் கொடுங்கள் என்று எழுதினார். உதவித்தொகை போய்த் தெருவில் நின்ற பையன் அதை மறக்கவில்லை.

காவிரிக்கரையில் கடைசி வருஷம்

1919 மார்ச் 27-இல் பம்பாயில் வந்து இறங்கினார். இறங்கியதும் மனைவி எங்கே என்றுதான் கேட்டாராம். ஜானகி சென்னையில் வந்து சேர்ந்துகொண்டார். கோடைக்குக் காவிரிக்கரைக் கொடுமுடி. செப்டம்பரில் சொந்த ஊர் கும்பகோணம். காசநோய் நிபுணர் பி.எஸ். சந்திரசேகர அய்யர் வந்து பார்த்தார்.

உடம்பு உருகிக்கொண்டிருந்தபோதும் குறும்பு போகவில்லை. தஞ்சாவூருக்குக் கூட்டிப்போகலாம் என்ற பேச்சு வந்தபோது, ஊர்ப் பெயரைப் பிரித்து, தன் சாவு ஊருக்கா கூட்டிப்போகிறீர்கள் என்று கேட்டாராம். 1920 ஜனவரியில் சென்னை சேத்துப்பட்டுக்குக் கொண்டுபோனார்கள். நம்பெருமாள் செட்டியார் தன் பங்களாவைக் கொடுத்து உதவினார். சேத்துப்பட்டு என்றால் சட்டுப்புட்டென்று முடிந்துவிடும் என்று அதற்கும் ஒரு சிலேடை சொன்னாராம். தனக்கு நடப்பது என்ன என்று அவருக்குத் தெரிந்தே இருந்தது.

அதே ஜனவரி 12-ஆம் தேதி ஹார்டிக்குக் கடைசிக் கடிதம் எழுதினார். உடல்நிலையைப் பற்றி அழவில்லை. மாக் தீட்டா சார்புகள் என்று தான் புதிதாகக் கண்டவற்றைப் பற்றித்தான் எழுதினார்.

இந்த இடத்தில் பேச வேண்டியவர் ஜானகியம்மாள். வயது இருபது, இருபத்தொன்றுதான். நர்ஸ் படிப்பு படித்தவரில்லை. வேளாவேளைக்குப் பாலும் மோரும் எலுமிச்சைச் சாறும் கொடுப்பார். வலி வந்தால் வெந்நீரில் துணியை நனைத்து நெஞ்சிலும் காலிலும் ஒத்தடம் கொடுப்பார். ஒத்தடத்துக்கு வெந்நீர் போட்ட பாத்திரத்தைப் பல வருஷம் கழித்தும் வைத்திருந்தார். கணவர் கேட்கும்போதெல்லாம் காகிதத்தை எடுத்துக் கொடுப்பார், எழுதி முடித்ததைப் பத்திரப்படுத்துவார். சாவதற்கு நான்கு நாள் முன்புவரை கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார் என்று அந்த அம்மாள் சொல்லியிருக்கிறார். 1920 ஏப்ரல் 26-ஆம் தேதி உயிர் பிரிந்தது. வயது 32. கடல் கடந்து போனவர் என்று உறவினர் சிலர் இறுதிச் சடங்குக்குக்கூட வரவில்லை.

நோய்தான் ஜெயித்தது. மனோதைரியம் இருந்தால் எந்த நோயும் ஓடிப்போகும் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்வது போய்ச் சேர்ந்தவர்களுக்குத் தைரியம் போதவில்லை என்று பழி சொல்வதாகும். தைரியம் நோயைக் குணப்படுத்தவில்லை. நோய்க்கு நடுவிலும் அவரை அவராக இருக்கவிட்டது. அந்தத் தைரியம் அவர் ஒருவரிடமே ஊறியதும் அல்ல. ஹார்டி கொஞ்சம், காசு வாங்காத டாக்டர் கொஞ்சம், ரயிலை நிறுத்தியவர் கொஞ்சம், ஒத்தடம் கொடுத்த ஜானகியம்மாள் பெரும்பங்கு, இப்படிப் பலர் போட்ட முதல் அது.

அப்புறம் என்ன ஆயிற்று?

கடைசி வருஷத்துத் தாள்கள் சென்னைப் பல்கலைக்கழகம் வழியாக 1923-இல் ஹார்டிக்குப் போயின. பிறகு எங்கோ மறைந்து, 1976-இல் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் என்ற அமெரிக்கக் கணிதர் கையில் டிரினிடி நூலகத்தில் கிடைத்தன. அறுநூறுக்கு மேற்பட்ட சூத்திரங்கள். மாக் தீட்டா சார்புகளின் உள்மர்மம் 2002-இல்தான் முழுதாகத் துலங்கியது. இன்று கருந்துளை ஆராய்ச்சிவரை அவை பயன்படுகின்றன.

அவருக்கு வந்தது காசநோயாக இருந்திருக்காது, பழைய சீதபேதி ஈரலைப் பிடித்த அமீபா நோயாகத்தான் இருந்திருக்கும் என்று டி.ஏ.பி. யங் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் 1994-இல் எழுதினார். அப்படியானால் அன்றே சிகிச்சை இருந்தது. பழைய வயிற்றுநோயின் கதையை நோயாளி வாயால் பொறுமையாகக் கேட்டிருந்தால் ஒருவேளை பிழைத்திருப்பாரோ என்ற எண்ணம் வராமல் போகாது.

ஜானகியம்மாள் பம்பாயில் சகோதரர் வீட்டில் சில காலம் இருந்து தையல் கற்றார். திருவல்லிக்கேணிக்கு வந்து, தைத்துக் கொடுத்தும் கற்றுக் கொடுத்தும் தன் காலிலேயே நின்றார். ஒரு பிள்ளையை எடுத்து வளர்த்து ஆளாக்கினார். 1994-இல் தொண்ணூற்றைந்தாவது வயதில் காலமானார். நோயாளியைப் பார்த்துக்கொள்பவரை யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்வியை அந்த அம்மாளுக்காக யாரும் கேட்கவில்லை.

டாக்டர் சௌரி முத்து என்ன ஆனார்? அவர் இந்தியாவுக்கு வந்து 1928-இல் தாம்பரத்தில் காசநோய் சானடோரியம் தொடங்கினார். 1937-இல் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. நாம் எக்மோர் போகும்போது தாம்பரம் தாண்டியதும் வரும் சானடோரியம் ஸ்டேஷனின் பெயருக்குக் காரணம் அதுதான். பிற்காலத்தில் மற்றவர்கள் தொடப் பயந்த எய்ட்ஸ் நோயாளிகளுக்கும் அதே ஆஸ்பத்திரி அடைக்கலம் கொடுத்தது.

சேத்துப்பட்டிலும் ஒரு தொடர்ச்சி உண்டு. இராமானுஜன் கண்மூடிய அந்தப் பகுதியில் 1956-இல் காசநோய் ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. அதற்குள் மருந்துகள் வந்துவிட்டன. ஏழை நோயாளிகளில் ஒரு பாதியைச் சானடோரியத்திலும் மறுபாதியை அவரவர் குடிசையிலேயே குடும்பத்தோடும் வைத்து ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமானார்கள். 1959-இல் வெளியான இந்த முடிவு உலகத்தின் காசநோய்ச் சிகிச்சை முறையையே மாற்றியது. குணப்படுத்தியது மருந்துதான். ஆனால் குணமாவதற்காக வீட்டையும் மனிதர்களையும் விட்டு வனவாசம் போக வேண்டியதில்லை என்று நிரூபணமாயிற்று. வீடு வீடாக ஏறி இறங்கி, மாத்திரை சாப்பிட்டாயா என்று விசாரித்த செவிலியர்களுக்கு அந்த வெற்றியில் பெரும் பங்குண்டு.

இராமானுஜன் மறைந்த நூறாவது வருஷம் 2020 ஏப்ரல். கொரோனாவால் ஊரே அடைந்து கிடந்த மாதம். மறுபடி நோயாளிகள் தனியறையில், உறவினர் முகம் பார்க்க முடியாமல். நர்ஸ்கள் மூச்சுமுட்டும் உடுப்புக்குள் வேர்த்து, கைபேசியைப் பிடித்து நோயாளிக்குப் பிள்ளைகளைக் காட்டினார்கள். அவர்களில் பலர் வீட்டுக்குப் போனால் சொந்தக் குழந்தையைத் தூக்கப் பயந்து திண்ணையில் படுத்தவர்கள். கைதட்டி, விளக்கேற்றி நன்றி சொன்னோம். அத்தோடு மறந்துவிட்டோமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். அவர்களுடைய தைரியமும் தானாக ஊறுவதில்லை. வேளைக்கு ஓய்வு, பக்கத்தில் கைகொடுக்க இன்னொரு ஆள், மேலே இருப்பவரிடமிருந்து ஒரு நல்ல வார்த்தை, இவை இல்லாமல் எந்த டாக்டரும் எந்த நர்ஸும் நெடுநாள் தாங்க முடியாது.

தம்பி தங்கைகளே, உங்களில் சிலர் ஆஸ்பத்திரிகளிலும் லேப்களிலும் மருந்துக்கடைகளிலும் வேலைக்குப் போவீர்கள். மற்றவர்கள் என்றாவது ஒரு கட்டிலோரம் நிற்பீர்கள், அல்லது கட்டிலிலேயே படுப்பீர்கள். நம் மகாலிங்கசுவாமி கோயில் வழக்கம் உங்களுக்குத் தெரியும். வரகுண பாண்டியனைப் பிடித்த பிரம்மஹத்தி கிழக்கு வாசலில் காத்துக்கொண்டிருந்ததாம். அவன் வேறு வாசல் வழியாக வெளியேறித் தப்பித்தான். இன்றும் கிழக்கே நுழைந்தவர்கள் அந்த வழியே திரும்புவதில்லை. நோயும் அப்படித்தான். நுழைந்தவர் பழைய ஆளாக அதே வாசல் வழியே திரும்ப முடியாது. இன்னொரு வாசல் வேண்டும். அதை உள்ளே இருப்பவர் மட்டும் திறக்க முடியாது, வெளியே நிற்கிற நாமும் கைகொடுத்தாக வேண்டும்.

அடுத்த முறை நோயாளியைப் பார்க்கப் போகும்போது சாத்துக்குடியோடு அவருக்குப் பிடித்த விஷயம் ஒன்றையும் கொண்டுபோங்கள். பத்து நிமிஷம் கூடுதலாக உட்காருங்கள். வெளியே வரும்போது வராந்தாவில் நிற்கும் நர்ஸம்மாவிடம் சாப்பிட்டீங்களா என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

எல்லோரும் நலமாக இருந்து அடுத்த சந்திப்பிலும் கூடுவோம்.